சாப்பாட்டு பிளாஸ்க்: ஆறு மாதம் என் தோழிக்குச் சோறு சுமந்த கதை

முதலில் வாங்கியது அகல வாய் வைத்த, இரட்டைச் சுவர் ஸ்டீல் பிளாஸ்க், 500 மில்லி. ஒன்றரை மாதம் கழித்து மூடியில் பட்டன் வைத்த வகையில் 300 மில்லி ஒன்றும் 500 மில்லி ஒன்றும் வாங்கினேன். வாரத்தில் ஐந்து நாள், ஆறு மாதம், என் அடுப்படியிலிருந்து என் தோழியின் கட்டிலருகே வரை இவைதான் போய்வந்தன. நெருங்கியவர் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது, சமைத்துக் கொடுக்க வேண்டும், எதில் கொண்டுபோவது என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் அந்த அமைப்பைப் பற்றியதுதான்.

தோழிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மிச்சம் மீதி எங்கும் ஒளிந்திருக்கக் கூடாது என்று எட்டுச் சுற்று கீமோ. ஒரு சுற்று மூன்று வாரம். முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறும், அதன் பிறகு 14 நாள் கேபசிடபின் மாத்திரை, கடைசி வாரம் ஓய்வு. அவள் கணவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவார். நானும் வேலைக்குப் போகிறவள். ஏழரை மணிக்கு வாசலில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஓடத்தான் எனக்கு நேரம் இருந்தது.

அவளுக்குப் பசி எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. சில நாள் பதினொன்றரைக்கு, சில நாள் ஒரு மணிக்கு. வந்தாலும் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சாப்பாடு வாய்க்கு எட்டிவிட வேண்டும். எழுந்து போய், எடுத்து, சூடுபண்ணி, காத்திருந்து என்றால் அதற்குள் பசி போய்விடும், வாடை மட்டும் வீட்டில் நிற்கும், குமட்டல் ஆரம்பித்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மைக்ரோவேவில் சூடுபண்ணிக்கொள்ளலாமே என்று பலர் என்னிடம் கேட்டார்கள். மற்ற சிகிச்சைகளில் இருப்பவர்களுக்கு அது சரிவரலாம். ஆக்சாலிபிளாட்டின் ஏறியவர்களுக்குக் குளிர் ஆகாது. ஊசி போட்ட முதல் சில நாட்களுக்கு ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல இருக்கும். குளிர்ந்த பாத்திரத்தை எடுக்கவே முடியாது. குளிர்ந்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினால் தொண்டை அடைத்துக்கொள்வதுபோல, மூச்சு நின்றுவிடுவதுபோலத் தோன்றும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கீமோ எடுப்பவர்களுக்குச் சூடான சாப்பாட்டின் வாடை குமட்டும், ஆறிய, குளிர்ந்த உணவு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். பொதுவாக அது சரியான ஆலோசனைதான். முதல் சுற்றின் இரண்டாம் நாள், ஃபிரிட்ஜில் வைத்த தயிரில் வாழைப்பழத்தை மசித்து, இதே பிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுபோனேன். சூட்டைக் காப்பதுபோலவே குளிரையும் இது காக்கும். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அடுத்த நொடி தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிட்டது, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்ததும் மெல்ல அடங்கியது. குளிரைத் தவிர்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலேயே எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காமல் சமைத்துவிட்டேன். நீங்கள் யாருக்காவது சமைக்கப் போகிறீர்கள் என்றால், பாத்திரம் வாங்குவதற்கு முன்னால் அவருக்கு ஏறும் மருந்தின் பெயரைக் கேட்டு, அந்தத் தாளைப் படித்துவிடுங்கள்.

இந்த வகைப் பாத்திரத்தை 1892-ல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி உருவாக்கியது திரவமாக்கிய வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்கத்தான். இரண்டு சுவர், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். வெப்பம் எளிதில் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. எங்கள் வீட்டில் அது சூட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி நான் கொடுக்கவில்லை. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வீட்டிலேயே பார்த்தேன். கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் குறைந்துபோகும். நமக்கு ஒரு வயிற்று வலியோடு போகிற கிருமி அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்புக் குறிப்புகளில் சொல்வது எளிமையானது: சமைத்ததைச் சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே, குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே, அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அரிசிச் சோற்றுக்கு இது இன்னும் முக்கியம். அதிலிருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு 92 டிகிரியில் கஞ்சியைக் கழுத்துவரை நிரப்பினேன். 500 மில்லி பிளாஸ்க்கில் நாலு மணி நேரம் கழித்து 73, ஆறு மணி நேரம் கழித்து 66. கொதிநீர் ஊற்றாமல் நேரே நிரப்பிய நாளில் நாலு மணி நேரத்தில் 64, ஆறு மணி நேரத்தில் 57. அந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பலில் விட்டால் பாதுகாப்பே போய்விடுகிறது. 300 மில்லி பிளாஸ்க்கில், கொதிநீர் ஊற்றியும், நாலு மணி நேரத்தில் 67, ஆறு மணி நேரத்தில் 58. சின்னது சீக்கிரம் ஆறும். அரைவாசி நிரப்பினால் இன்னும் மோசம். அதனால் எங்கள் வீட்டுச் சட்டம் இப்படி ஆனது: சின்னதை ஐந்து மணி நேரத்துக்குள், பெரியதை ஆறு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். ஒருமுறை திறந்து சாப்பிட்டு மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மனசு வராது. கொட்டிவிடுங்கள்.

நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை அவளிடம் விடவில்லை. மூடியில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, "7.10-க்கு நிரப்பியது, 12-க்குள்" என்று எழுதுவேன். சாயங்காலம் டப்பா திரும்பி வரும்போது அதே டேப்பில் அவள் பதில் எழுதியிருப்பாள். "பாதி." "மூணு ஸ்பூன்." "உப்பு தெரியவே இல்லை." ஒருநாள் "முழுசும்!" என்று. அந்த டேப்பை நான் உரித்துப் போடவில்லை, மாவு டப்பாவின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி மூடி. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மூன்றாவது சுற்றில் இரண்டு நாள் டப்பா அப்படியே திரும்பி வந்தது. டேப்பில் ஒன்றும் எழுதவில்லை. போன் பண்ணிக் கேட்டால் "பசிக்கலடி" என்றாள். கீமோவில் இப்படி நாட்கள் வரும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி அவள் வீட்டுக்கே போனேன். டப்பா தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டு சுற்றியிருந்தது. "என்னடி இது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "திறக்க வரல. நேத்தும் வரல. நீ இவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சு கொண்டு வர்ற, மூடி திறக்க முடியலன்னு எப்படிச் சொல்றது?"

மூன்று நாள் பசித்திருக்கிறாள். பக்கத்தில் சூடாகச் சாப்பாடு இருந்திருக்கிறது.

காரணம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. பிளாஸ்க்கின் பக்கம்: கொதிக்கும் உணவை நிரப்பி இறுக்கி மூடினால் மேலே இருக்கும் கொஞ்ச இடத்தில் ஆவி நிறைந்திருக்கும். சூடு குறையக் குறைய அந்த ஆவி நீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கிறோமோ அவ்வளவு இறுகியிருக்கும். கெட்டியான ரப்பர் வளையம் இருந்தால் இன்னும் அதிகம், அதாவது நல்ல தரமான பிளாஸ்க்கில்தான் இந்தத் தொல்லை கூடுதல். அவள் பக்கம்: ஆக்சாலிபிளாட்டின் விரல் நுனி நரம்புகளை மரத்துப்போக வைக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது சேர்ந்துகொண்டே போகும். கேபசிடபின் உள்ளங்கையைச் சிவக்க வைத்து எரிய விடும், தோல் உரியும். மரத்த விரலும் எரியும் உள்ளங்கையுமாக வழவழப்பான ஒரு வட்ட மூடியை எப்படித் திருகுவது? கடையில் நான் திறந்து பார்த்தபோது அது காலி டப்பா, என் கை ஆரோக்கியமான கை.

அன்று சாயங்காலமே மூடியின் நடுவில் காற்றை விடும் பட்டன் வைத்த வகையைத் தேடி வாங்கினேன். பட்டனை அழுத்தினால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும், அதன் பிறகு மூடி ஒரு குழந்தை திருகினாலும் வரும். விரல் நுனியால் அழுத்த அவளால் முடியவில்லை, விரல் முட்டியால் அழுத்தப் பழகிக்கொண்டாள். பட்டன் உள்ளே அமுங்கியிருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றை வாங்காதீர்கள், மூடியின் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். மூடியின் ஓரத்தில் வரிவரியாகவோ முக்கோணமாகவோ பிடிப்பு இருந்தால் நல்லது. முன்பே பட்டன் இல்லாததை வாங்கிவிட்டவர்கள், பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை ஒன்று டப்பாவோடு சேர்த்து அனுப்புங்கள். கையுறை போட்டுத் திருகினால் வழுக்காது, உள்ளங்கையும் உரசாது. நல்ல கையோடு வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் தனியாக இருக்கும் நேரத்துக்குத்தானே பிளாஸ்க்.

வாங்கும் முன் கடையில் இதைச் செய்து பாருங்கள்: கையை நனைத்துக்கொண்டு, கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் வைத்துத் திறக்க முயலுங்கள். வீட்டுக்கு வந்ததும் கொதிநீர் நிரப்பி நாலு மணி நேரம் வைத்து, மறுபடியும் அதேபோலத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் சமையல்.

வாடை பற்றிக் கொஞ்சம். சூடான பிளாஸ்க்கைத் திறந்ததும் நாலு மணி நேரம் அடைந்து கிடந்த ஆவி மொத்தமும் முகத்தில் அடிக்கும். நமக்கு அது பசியைக் கிளப்பும், அவளுக்குக் குமட்டல். ஜன்னலோரம் வைத்து, முகத்தை விலக்கித் திறந்து, கிண்ணத்தில் ஊற்றிக் கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். ஆறவிடுவது வாய்க்கும் நல்லது. 70 டிகிரியில் இருப்பதை வாய்ப்புண்ணோடு சாப்பிட முடியாது.

ஸ்டீல் டப்பாவில் இரும்பு வாடை வருகிறது என்று சிலர் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தோழியும் சொன்னாள். நான் அதே கஞ்சியை அதே டப்பாவிலிருந்து சாப்பிட்டேன், அப்படி எதுவும் இல்லை. கீமோ மருந்தால் நாக்கின் சுவையே மாறிவிடுகிறது, எதைச் சாப்பிட்டாலும் காசை நக்குவதுபோல இருக்கும். டப்பாவை மாற்றிப் பயனில்லை. ஸ்பூனை மரத்துக்கு மாற்றினோம், பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினோம், கஞ்சியில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். அது உதவியது. வாயில் புண் வந்த வாரங்களில் மட்டும் எலுமிச்சையை நிறுத்திவிட்டேன், எரியும்.

என்ன போட்டுக் கொடுப்பது? அவள் எடை சிகிச்சைக்கு முன் 61 கிலோ, இரண்டாவது சுற்றில் 54. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பின் வழிகாட்டுதலில் புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் என்று இருக்கிறது. அவளுடைய உணவு ஆலோசகரும் அதையொட்டியே 60 முதல் 80 கிராம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று ஸ்பூனோடு நிறுத்துகிறவளிடம் 60 கிராமை எப்படிச் சேர்ப்பது? அளவைக் கூட்ட முடியாது, ஒவ்வொரு ஸ்பூனையும் கனமாக்கத்தான் முடியும்.

300 மில்லி டப்பாவுக்கு என் கணக்கு: தோல் நீக்கிய பருப்பு 40 கிராம், அரிசி ஒரு கைப்பிடி, குழைய வேகவைத்து மசித்து, கொதிக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டு, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும். பருப்பில் 9 கிராமுக்கு மேல், முட்டையில் 6, பால் பவுடரில் 5. சுமார் 20 கிராம் புரதம், வெண்ணெயில் மட்டும் 100 கலோரி. பார்வைக்கு ஒரு கிண்ணம் கஞ்சிதான். குடலில் அறுவை சிகிச்சை ஆனவள் என்பதால் தோல், விதை, நார் இல்லாமல் செய்யச் சொல்லியிருந்தார்கள். வேறு புற்றுநோய் என்றால் வேறு மாதிரி சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்க்குக்குள் அரிசி சும்மா இருக்காது, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் தளதளவென்று நிரப்பியது மதியம் கட்டியாகிவிடும். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் வைத்து, "இவ்வளவு நீர்க்க இருக்கிறதே" என்று தோன்றும் பதத்தில் நிரப்புங்கள். கோழி சூப்பில் உருளைக்கிழங்கை மசித்துக் கரைத்தால் அருமையாக நின்றது. பூசணிக்காய் சூப்பும் அப்படியே. கெட்டியான சூப் தண்ணியான சூப்பைவிட அதிக நேரம் சூடாக இருந்தது. மீன் ஒருமுறை முயன்றேன். சுவை கெடவில்லை, ஆனால் மூடியைத் திறந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். முட்டைப் பொரியல் ரப்பராகிவிடும். மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய எதையும் இதில் போடாதீர்கள்.

அளவு பற்றி ஒரே வரி: சாப்பிட முடியாதவர் முன்னால் நிறைந்த 500 மில்லி டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், பார்த்ததுமே வயிறு மூடிக்கொள்ளும். முற்பகலுக்குச் சின்னது. பெரியது பிற்பகலுக்கு, அதுவும் சூடு நிற்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. அதிலிருந்து கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடச் சொன்னேன், மிச்சம் கொட்டத்தான்.

கழுவுவது நான் எதிர்பார்த்ததைவிட வேலை. பட்டன் மூடியை நாலு துண்டாகக் கழற்ற வேண்டும்: வெளிமூடி, உள்மூடி, பெரிய வளையம், பட்டனுக்கு அடியில் ஒரு சின்ன வளையம். அந்தச் சின்ன வளையம் இருப்பதே முதல் மாதம் எனக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தபோது கறுப்பாக ஒரு கோடு. மூடியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு மூடி வாங்கினேன். அன்றிலிருந்து தினமும் நாலையும் கழற்றி, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, இரவு முழுக்கத் தனித்தனியாகக் காயவைக்கிறேன். வளையத்தில் பால் வாடை பிடித்தால் சமையல் சோடா கரைத்த சுடுதண்ணீரில் ஊறவிட்டால் போகிறது. பிளீச் ஊற்றாதீர்கள், குளோரின் ஸ்டீலை அரித்துவிடும். கை உள்ளே போகிற அளவு வாய் அகலமாக இருப்பது இதன் பெரிய வசதி, அடிவரை தொட்டுத் தேய்க்க முடிகிறது.

மதிப்பெண் என்றால் பட்டன் வைத்த வகைக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் அந்த ஒளிந்திருக்கும் சின்ன வளையத்துக்காகக் குறைக்கிறேன். பட்டன் இல்லாததற்கு ஆரோக்கியமானவர்களின் அலுவலக மதிய உணவுக்கு நாலு. கை மரத்துப்போன ஒருவருக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. விரல் மரப்பு மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே கூடியது, இப்போது அதே இடத்தில் நிற்கிறது. எடை 57. நான் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் சமைத்துக் கொடுக்கிறேன், மற்ற நாட்களில் அவளே செய்துகொள்கிறாள். போன வாரம் 300 மில்லி டப்பாவைத் திருப்பித் தந்தபோது காலியாக இல்லை. உள்ளே அவள் செய்த பூசணி சூப், மூடியில் பேப்பர் டேப், கோணலும் மாணலுமான எழுத்தில் "11.20-க்கு நிரப்பியது, 4-க்குள்." நாலாவதற்குள் குடித்துவிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடுதல். டேப்பில் அதை எழுதித்தான் அனுப்பினேன்.